‘சாய்’ என்ற சொல்லுக்கு வேர் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கடலூரில் ஞாயிறுதோறும் நாலைந்து இளைஞர்கள் சொல்லாராய்ச்சிக் கட்டுரைகளைத் திருத்தக் கொண்டுவருகிறார்கள். போன வாரம் ஒரு தம்பி ‘சாய்தல்’ பற்றி எழுதி வந்தார். படிக்கப் படிக்க, இருபது வருஷத்துக்கு முந்தைய என் எழுத்தையே பார்ப்பது போல இருந்தது. ஒற்றுப்பிழைகளை விடுங்கள், எழுத எழுதச் சரியாகிவிடும்.

சாயங்காலத்தை இழுக்காதீர்கள்

பொழுது சாய்கிறது; அதனால் சாயுங்காலம்; அதுவே சாயங்காலம். கேட்க எவ்வளவு அழகு! நானும் இதில்தான் விழுந்தேன். சில்வர் பீச்சில் நம் நிழல் கடல் பக்கம் சாயும் வேளை என்றெல்லாம் ஜோடித்து, ஓர் ஆண்டுமலருக்குக் கட்டுரை கொடுத்தேன். அச்சாகி வந்ததும் ஒரு பெரியவர் கேட்டார்: “தம்பி, இந்திக்காரரும் சாயங்காலம் என்கிறாரே, அவருக்குச் ‘சாய்’ ஏது?” ஐந்நூறு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டினேன். செலவும் என்னுடையது, பசையும் என் விரலில்.

அது வடமொழியின் ‘சாயம்’, மாலை என்று பொருள். வேத நூல்களில் ‘சாயம், பிராதர்’ என்று மாலையும் காலையும் ஜோடியாக வரும். நுகத்திலிருந்து அவிழ்த்துவிடுதல் என்ற பொருளில் பிறந்திருக்கலாம் என்பது மோனியர் வில்லியம்ஸ் அகராதியின் ஊகம். கோயிலில் சாயரட்சைப் பூசை என்கிறோமே, அதிலும் இருப்பது இந்தச் சாயம்தான். (அதையும் ‘சாய்ரட்சை’ ஆக்கிவிட்டார்கள்.) நம் ‘சாய்’ காலத்தோடு சேர்ந்தால் சாய்காலம் என்றோ சாயுங்காலம் என்றோ நிற்க வேண்டும். உகரம் எங்கே போனது என்று கேட்டால், “பேச்சில் தேய்ந்துவிட்டது” என்று கூசாமல் பதில் வருகிறது. எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். எதையும் தேயவைக்கலாம் என்றால் எந்தச் சொல்லிலிருந்தும் எந்தச் சொல்லையும் பெற்றுவிடலாமே! ‘பொழுது சாயும் நேரம்’ நல்ல தமிழ். அது தன் பாட்டுக்கு இருக்கட்டும்.

சாயை

நிழல் என்ற பொருளில் வரும் வடமொழிச் சொல். நம் ‘சாய்’ உடன் சேர்க்காதீர்கள்.

கன்னடச் ‘சாய்’

அங்கே அதற்குச் சாவது என்று பொருள். நம் ‘சா’வுக்குத்தான் அது உறவு. மலையாளச் ‘சாயுக’தான் நம் ‘சாய்’ வீட்டுப் பிள்ளை.

சங்கப் பாட்டில் ‘சாஅய்’

தோள் சாஅய் என்று கண்டதும் தலைவியைத் தூணில் சாய்த்து நிறுத்திவிடாதீர்கள். அவள் மெலிந்திருக்கிறாள். ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்’ என்ற நான்கையும் தொல்காப்பிய உரியியல் ‘உள்ளதன் நுணுக்கம்’ என்கிறது. இருந்ததைவிடக் குறைந்துபோவது.

சாய்வு நாற்காலியோடு நிற்பது

தம்பி முதுகைப் பின்னால் சாய்ப்பதை மட்டும் பொருளாக எழுதியிருந்தார். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபோது இந்த மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் சாய்ந்தன. ஒரு பக்கமாகச் சரிந்து நின்றன என்று யாரும் புரிந்துகொள்ளவில்லை, வேரோடு போயின. “உங்க ஊரு எது தம்பி?” என்றேன். பண்ருட்டியாம். தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.