மருத்துவ ஆய்வு சொல்லும் ஆபத்தைக் கணக்கிட்டு வாசிப்பது எப்படி?

ஒரு மாத்திரையால் புற்றுநோய் ஆபத்து 26 சதவீதம் கூடுகிறது என்று செய்தி வந்தால், அதைப் படிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாத்திரை எடுக்காதவர்களில் எத்தனை பேருக்கு அந்த நோய் வந்தது, எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு வந்தது? இதற்கு விடை தராத செய்தியை நம்பி எவரும் மருந்தைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. அந்த விடையை ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுப்பது மருத்துவம் படிக்காதவருக்கும் இயலக்கூடிய காரியமே. கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். கட்டுரைகளின் சுருக்கங்களைப் பப்மெட் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். அவற்றை எந்த வரிசையில் வாசிப்பது என்பதை, பல நாட்டு மருத்துவர்களின் மருந்துச் சீட்டுகளையே மாற்றிய ஓர் ஆய்வை வைத்துப் பார்க்கலாம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை 1990களில் மருத்துவர்களிடையே வலுவாக இருந்தது. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய செவிலியர் ஆய்வு அந்த நம்பிக்கைக்கு ஒரு முக்கிய ஆதாரம். லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வில், ஹார்மோன் உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. எண்ணிக்கை பெரியது, ஆய்வாளர்களும் நேர்மையானவர்கள். ஆயினும் இங்கே வாசகர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: மருந்து யாருக்குக் கிடைக்க வேண்டும் என்று தீர்மானித்தது யார்? அந்த ஆய்வில் அதைத் தீர்மானித்தவர்கள் அந்தப் பெண்களும் அவர்களுடைய மருத்துவர்களும்தான். தானாக முன்வந்து ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் பெண் பெரும்பாலும் வசதி கூடியவராகவும், உடற்பயிற்சியில் அக்கறை உள்ளவராகவும், மருத்துவரிடம் தவறாமல் செல்பவராகவும் இருப்பார். அவருடைய இதயம் நலமாக இருந்ததற்குக் காரணம் மாத்திரையா, அவருடைய வாழ்க்கை முறையா என்பதை இத்தகைய கவனிப்பு ஆய்வால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைப் பிரிப்பதற்குத்தான் குலுக்கல் முறை இருக்கிறது. விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அமெரிக்க ஆய்வுத் திட்டத்தில், கருப்பை அகற்றப்படாத 50 முதல் 79 வயதுக்குட்பட்ட 16,608 பெண்கள் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 8,506 பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையும், 8,102 பேருக்கு அதே தோற்றமுள்ள, மருந்தில்லாத மாத்திரையும் தினமும் தரப்பட்டன. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால், வசதி, பழக்கவழக்கம், உடல்நிலை அனைத்தும் இரு குழுக்களிலும் ஏறக்குறையச் சமமாக அமைந்தன. எட்டரை ஆண்டுகள் நடத்தத் திட்டமிடப்பட்ட இந்த ஆய்வு, சராசரியாக 5.2 ஆண்டுகள் ஆன நிலையில், நன்மையைவிடத் தீமை அதிகம் என்று தெரிந்ததால் 2002இல் நிறுத்தப்பட்டது. மாரடைப்பு குறையவில்லை, கூடியிருந்தது. ஆகவே ஒரு கட்டுரை கையில் கிடைத்ததும் முதல் வேலையாக, அது கவனிப்பு ஆய்வா, குலுக்கல் முறை ஆய்வா என்று பாருங்கள். கவனிப்பு ஆய்வை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. புகைபிடித்தலால் வரும் தீங்கைப் போன்றவற்றைக் குலுக்கல் போட்டு ஆராயவே முடியாது. ஆனால் ஒரு மருந்து நோயைத் தடுக்கிறது என்ற முடிவு கவனிப்பு ஆய்விலிருந்து மட்டுமே வருமானால், அதை ஏற்பதற்குப் பொறுமை தேவை.

இனி அந்த 26 சதவீதத்துக்கு வருவோம். இது மேற்சொன்ன ஆய்வில் மார்பகப் புற்றுநோய்க்குக் கிடைத்த எண்தான். நூறு பெண்களில் 26 பேருக்குப் புற்றுநோய் வரும் என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் மிகப் பலர். கட்டுரையின் முடிவுகள் அட்டவணையில் அந்த வரியைத் தேடி எடுங்கள். மருந்துக் குழுவில் 166 பேருக்கும், மற்றக் குழுவில் 124 பேருக்கும் நோய் வந்திருந்தது. 166ஐ 8,506ஆல் வகுத்தால் நூற்றுக்கு 1.95, 124ஐ 8,102ஆல் வகுத்தால் நூற்றுக்கு 1.53. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு 0.42. அதாவது ஏறத்தாழ 240 பெண்கள் ஐந்தாண்டுக் காலம் இந்த மாத்திரையை உட்கொண்டால், அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வருகிறது. கட்டுரையே இதை வேறு வகையிலும் சொல்கிறது: 10,000 பெண்களை ஓராண்டு கவனித்தால், மாத்திரை இல்லாமல் 30 பேருக்கு வரும் நோய், மாத்திரையோடு 38 பேருக்கு வருகிறது. 30க்கு 38 என்பதுதான் அந்த 26 சதவீதத்தின் மூலம். 26 சதவீதம் என்ற எண்ணை ஒப்பீட்டு ஆபத்து என்றும், எட்டுப் பேர் என்ற வேறுபாட்டை உண்மை ஆபத்து என்றும் வைத்துக்கொள்ளலாம். முடிவெடுக்க உதவுவது பின்னதுதான்.

இதே கணக்கை நன்மைகளுக்கும் போட வேண்டும். ஒரு மருந்தின் நன்மையைச் சதவீதத்திலும் தீமையைத் தலை எண்ணிக்கையிலும் எழுதினால், எந்த மருந்தும் அற்புதமாகத் தெரியும். இந்த ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு 34 சதவீதம் குறைந்தது என்பது, 10,000 பேரில் ஆண்டுக்கு 15 ஆக இருந்தது 10 ஆனது என்பதே. பெருங்குடல் புற்றுநோய் 16இலிருந்து 10 ஆகக் குறைந்தது. மறுபக்கம் மாரடைப்பு முதலிய இதய நிகழ்வுகள் 30இலிருந்து 37 ஆகவும், பக்கவாதம் 21இலிருந்து 29 ஆகவும், நுரையீரல் ரத்தக்கட்டு 8இலிருந்து 16 ஆகவும் கூடின. இப்படி எல்லாவற்றையும் 10,000 பேர், ஓராண்டு என்ற ஒரே அளவில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், எந்தத் தலைப்புச் செய்தியும் தராத தெளிவு கிடைக்கும். மார்பகப் புற்றுநோயில் கூடிய எட்டுப் பேர் என்பது தனி ஒருவருக்குச் சிறிய ஆபத்துதான். ஆனால் 10 லட்சம் பெண்கள் ஓராண்டு உட்கொண்டால் அது 800 பேர். நோயில்லாத ஒருவருக்கு, எதிர்காலத் தடுப்புக்காக மட்டும் தரப்படும் மருந்தில் அந்த 800 பேரைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது. இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் உடல் வெப்பத்தாலும் வியர்வையாலும் அவதிப்படும் ஒருவருக்கோ அதே எண் வேறு தராசில் நிறுக்கப்பட வேண்டியது. எனக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமாகத் தோன்றுகிறது.

26 சதவீத அதிகரிப்பைக் கட்டுரை 1.26 என்று எழுதும்; அந்த எண்ணுக்கு அருகில் 1.00 முதல் 1.59 வரை என்பதுபோல் ஒரு வரம்பு இருக்கும். இந்த ஆய்வில் மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்பட்டது அதுவே. உண்மையான விளைவு ஏறத்தாழ மாற்றமே இல்லை என்பதிலிருந்து 59 சதவீத அதிகரிப்பு வரை எங்கும் இருக்கலாம் என்பது அதன் பொருள். வரம்பு அகலமாக இருந்தால் நடு எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

அடுத்ததாக, ஆய்வில் இருந்தவர் உங்களைப் போன்றவரா என்று பாருங்கள். பெரும்பாலான கட்டுரைகளில் முதல் அட்டவணை இதற்கானது. இந்த ஆய்வில் சேரும்போது பெண்களின் சராசரி வயது 63. உடல் பருமன் குறியீடு சராசரியாக 28.5, அதாவது கூடுதல் எடை. மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே 60 வயதுக்குக் கீழே இருந்தனர். மாதவிடாய் நின்றவுடன் உடல் வெப்பத்துக்காக மருத்துவரிடம் வரும் 51 வயதுப் பெண்ணின் நிலை இதிலிருந்து வேறானது. 2007இல் வெளியான மறு அலசலில், மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்களிடம் இதய ஆபத்து கூடாத போக்கு தெரிந்தது. ஆனால் அந்தப் போக்கு புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை. மேலும், கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் உட்கொண்டவர்களைப் பற்றிய இணை ஆய்வில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. ஒரு குறிப்பிட்ட மருந்துக்கும் வயதுக்கும் கிடைத்த முடிவை ‘ஹார்மோன்’ என்ற ஒரே பெயரின் கீழ் எல்லோருக்கும் விரித்துவிடக் கூடாது.

எதை அளந்தார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. மாரடைப்புக்குப் பின் இதயத்தில் தோன்றும் கூடுதல் துடிப்புகள் திடீர் மரணத்துக்கு அறிகுறி என்பதால், அவற்றை அடக்கும் என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு ஆகிய மருந்துகள் ஒரு காலத்தில் தரப்பட்டன. இசிஜியில் துடிப்புகள் உண்மையிலேயே குறைந்தன. காஸ்ட் என்று அழைக்கப்படும் குலுக்கல் முறை ஆய்வில் நோயாளிகளின் உயிரையே எண்ணிப் பார்த்தபோது, மருந்து உட்கொண்ட 755 பேரில் 63 பேரும், உட்கொள்ளாத 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர். 1989இல் அந்த மருந்துகள் ஆய்விலிருந்து நிறுத்தப்பட்டன. ரத்தப் பரிசோதனை எண், ஸ்கேன் அளவு, இசிஜி மாற்றம் ஆகியவை மட்டும் மேம்பட்டதாகக் கூறும் கட்டுரையைப் படிக்கும்போது, நோயாளி நீண்ட நாள் வாழ்ந்தாரா, வலியின்றி நடமாடினாரா என்பது எங்கே அளக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். தொடங்கும்போது அளப்பதாகச் சொன்னது ஒன்றாகவும் முடிவில் வெளியிட்டது வேறாகவும் இருப்பதுண்டு. இந்தியாவில் நடக்கும் மருந்தாய்வுகள் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் முன்கூட்டியே பதியப்படுவதால், அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சில சிகிச்சைகளில் ஆபத்து நோயாளியோடு நிற்பதில்லை. சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளிகளை வீட்டில் வைத்து மருந்து தருவதையும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் சேர்ப்பதையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டது. நோயாளி குணமானாரா என்பதோடு நில்லாமல், ஒரே வீட்டில் வாழ்ந்த உறவினர்களுக்கு நோய் தொற்றியதா என்றும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்த பின்பே, அந்த முறையை உலக நாடுகள் துணிந்து ஏற்க முடிந்தது. தொற்றுநோய் ஆய்வு எதுவானாலும், உடன் இருப்பவர்கள் கணக்கில் வந்தார்களா என்று பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும், வழக்கமாக உட்கொள்ளும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதிய கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இரு மடங்காகிறது என்று அரசு மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. இரு மடங்கு என்பது, ஏறத்தாழ 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வந்தது என்பதே. அதைக் கேட்ட ஏராளமான பெண்கள் மாத்திரையைப் பாதியில் விட்டனர். அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் ஆயிரக்கணக்கில் கூடின. கர்ப்பத்தால் வரும் ரத்தக்கட்டு ஆபத்தோ அந்த மாத்திரைகளால் வருவதைவிட அதிகம். ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: என் வயதிலும் உடல்நிலையிலும் இருக்கும் 1,000 பேரில், இந்த மருந்து இல்லாமல் எத்தனை பேருக்கு இந்த நோய் வரும்? மருந்தோடு எத்தனை பேருக்கு வரும்? இதை நிறுத்தினால் எனக்கு வேறு என்ன நேரக்கூடும்?