பெரிய எல்இடி பலகை: முதலில் கரண்ட் கணக்கு

பெரிய எல்இடி பலகை செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் புரோகிராமைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் கரண்ட் கணக்கை முதலில் போடச் சொல்வேன். புரோகிராமை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சட்டத்துக்குள் ஒட்டி மூடிய ஒயரை மாற்றுவது பெரிய பாடு.

எனக்குப் பிடித்த அளவு 32-க்கு 32. மீட்டருக்கு 30 விளக்கு உள்ள டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப் (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய பட்டை) வாங்கினால், பலகை ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரும். மொத்தம் 1,024 விளக்குகள். ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 5 வோல்ட்டில் 61 ஆம்பியர்! அவ்வளவு வெளிச்சம் வீட்டுக்குள் கண்ணைக் குத்தும். அதனால் இந்த விளக்குகளை இயக்கும் புரோகிராம் தொகுப்பான ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரியில் 20 ஆம்பியர் என்று வரம்பு வைத்துவிட்டு, 30 ஆம்பியர் பவர் சப்ளை போடுவேன்.

5 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் ஒயரை உருக்கிவிடும். நாலு நாலு வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் 1.5 சதுர மி.மீ. ஒயரும் 10 ஆம்பியர் ஃபியூஸும் தனியாகக் கொடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே வேண்டாம். ஸ்ட்ரிப்பில் உள்ள செம்பு மெல்லியது, போகப் போக வோல்டேஜ் இறங்கும். நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக வோல்டேஜ் தேவை என்பதால் முதலில் மங்குவது அவைதான். பலகை முழுவதும் வெள்ளை போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு மூலை மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிந்தால், அங்கே இன்னொரு ஜோடி ஒயர் வேண்டும். பவர் சப்ளையின் 230 வோல்ட் பக்கத்தை மூடி, எர்த் கொடுத்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

விளக்குகளுக்கு நிறத் தகவலை அனுப்பும் கன்ட்ரோலர் போர்டுக்கு வருவோம். ஒரு விளக்குக்கு 3 பைட், ஆக 3,072 பைட் மெமரி வேண்டும். ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது 2,048 தான். மெமரி அதிகமுள்ள ஈஎஸ்பி32 போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெளியே விடுவது 3.3 வோல்ட் சிக்னல், ஸ்ட்ரிப் எதிர்பார்ப்பதோ சுமார் 3.5. சில சமயம் அப்படியே ஓடும், சில சமயம் விளக்குகள் தாறுமாறாகச் சிமிட்டும். நடுவே 74ஏஎச்சிடி125 ஐசி ஒன்றை வைத்து, சிக்னலை 5 வோல்ட்டுக்கு ஏற்றிவிடுங்கள். முதல் விளக்குக்கு முன்னால் டேட்டா ஒயரில் 330 ஓம் ரெசிஸ்டர், பவர் நுழையும் இடத்தில் 1,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஈஎஸ்பி32-இன் கிரவுண்டும் சப்ளையின் கிரவுண்டும் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும்.

ஒரு விளக்குக்கான தகவல் போய்ச் சேர 30 மைக்ரோசெகண்ட் ஆகும். ஒரே ஒயரில் 1,024 விளக்குகள் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது பலகை முழுவதையும் ஒருமுறை மாற்ற, 31 மில்லிசெகண்ட். ஓடும் எழுத்துக்கு இது போதும், வேகமான அனிமேஷனுக்குப் போதாது. 256 விளக்குகள் வீதம் நான்கு பின்களில் ஒரே நேரத்தில் அனுப்பினால் 8 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். அந்த 74ஏஎச்சிடி125 ஐசியிலும் சிக்னலை ஏற்றிவிடும் பஃபர்கள் சரியாக நான்கு இருக்கின்றன.

வரிசைகளைப் பாம்பு மாதிரி வளைத்து இணைத்தால் டேட்டா ஒயர் மிச்சம். அப்போது ஒன்றுவிட்டு ஒரு வரிசை தலைகீழாக ஓடும். x இடமிருந்து எத்தனையாவது விளக்கு, y எத்தனையாவது வரிசை என்றால், விளக்கின் எண்: வரிசை எண் இரட்டைப்படையானால் y*32+x, ஒற்றைப்படையானால் y*32+(31-x). x, y இரண்டும் 0-இல் தொடங்குகின்றன. அவ்வளவுதான் கணக்கு.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை: முகப்பு. வெறும் விளக்குகள் புள்ளிப் புள்ளியாகக் கண்ணைக் கூச வைக்கும். ஃபோம் போர்டை 3 செ.மீ. அகலப் பட்டைகளாக நறுக்கி, பாதி ஆழத்துக்குக் கீறல் போட்டு ஒன்றில் ஒன்று செருகினால் சதுரக் கட்டங்கள் கிடைக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு விளக்கு. மேலே பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட். ஒவ்வொரு கட்டமும் நிறம் நிரம்பிய தனிச் சதுரமாக ஒளிரும்; அந்த அழகுக்காக எத்தனை பட்டை வேண்டுமானாலும் நறுக்கலாம். ஷீட் சுவர்களின் மேல் விளிம்பில் முழுவதும் படிந்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும் பக்கத்துக் கட்டத்தின் நிறம் கசியும். ஒரே ஒரு விளக்கை மட்டும் சிவப்பாக எரியவிட்டு, சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் இருட்டில் பாருங்கள். எங்கே கசிகிறது என்று உடனே தெரியும், அந்த இடத்தில் ஷீட்டை அழுத்தி ஒரு ஸ்க்ரூ போட்டால் போதும்.