கொப்பரை கேட்டு வரும் வாட்ஸ்அப் பார்ட்டி யார்? லோடு ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் அல்லது மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காடு போகும் லோடுக்குப் புதுப் பார்ட்டி விலை பேசினால், விசிட்டிங் கார்டு படத்தை நம்ப வேண்டாம். முதலில் ஜிஎஸ்டி எண் கேளுங்கள்.

மொத்தம் 15 இடம். முதல் இரண்டும் மாநிலம்: கேரளம் 32, தமிழ்நாடு 33, ஆந்திரம் 37. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். ஆக, 6-ஆம் இடத்தில் ‘பி’ என்றால் தனிநபர், ‘எஃப்’ என்றால் பார்ட்னர்ஷிப், ‘சி’ என்றால் கம்பெனி. கார்டில் ‘பிரைவேட் லிமிடெட்’, எண்ணில் ‘பி’ என்றால் உஷாராகிவிடுங்கள். 7-ஆவது, கம்பெனிப் பெயரின் முதல் எழுத்து. தனிநபருக்கு அது குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நம் பக்கம் பான் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுவதால், செந்திலுக்கு ‘எஸ்’ வராமல் ‘எம்’ வரலாம். அது தப்பில்லை.

அடுத்து ஜிஎஸ்டி தளத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ பகுதிக்குப் போய் எண்ணையும் கேப்ச்சாவையும் (படத்தில் தெரியும் எழுத்துகள்) போடுங்கள். லாகின் வேண்டியதில்லை. லீகல் பெயர் (சட்டப்படியான பெயர்), டிரேட் பெயர் (கடைப் பெயர்), பதிவான தேதி, முகவரி எல்லாம் வரும். ஸ்டேட்டஸ் ‘ஆக்டிவ்’ என்று இருக்க வேண்டும். கீழே ரிட்டர்ன் அட்டவணையைத் திறந்து, சமீபத்தில் தாக்கல் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பெயரைக் கூகுளில் தேடும்போது எழுத்துக்கூட்டல்தான் சிக்கல். நாம் ‘எல்’ போட்டு எழுதும் பழனியைக் கேரளத்தில் ‘இசட் எச்’ போட்டு எழுதுவார்கள். இரண்டு விதமாகவும் தேடுங்கள், மலையாள எழுத்திலும் ஒருமுறை. இனிஷியலை ஒப்பிட்டுப் பயனில்லை. அங்கே அது வீட்டுப் பெயராகவும் இருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், அந்தப் பெயரில் ஒரு கடை இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. போனில் பேசுபவர் அந்தக் கடைக்காரர்தானா? மோசடிக்காரர்கள் நிஜக் கடையின் ஜிஎஸ்டி எண்ணைத்தான் எடுத்து அனுப்புவார்கள், யாரும் பார்க்கக்கூடிய எண்தானே. அதனால் கடையின் போன் நம்பரை வேறு வழியில் பிடித்து நீங்களே கூப்பிடுங்கள். அட்வான்ஸ் வந்ததும் அனுப்பியவர் பெயர் லீகல் பெயரோடோ டிரேட் பெயரோடோ பொருந்துகிறதா என்று பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள், ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள். பில் ஒரு முகவரிக்கு, சரக்கை இறக்குவது வேறு ஊரில் என்று கடைசி நேரத்தில் சொன்னால் லாரியைக் கிளப்பாதீர்கள்.

ஆதார் ஜெராக்ஸ் அனுப்பினால் அதிலுள்ள க்யூஆரை ஆதார் ஆணையத்தின் அதிகாரபூர்வச் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். மேலே அச்சான பெயரை மோசடிக்காரர் மாற்றிவிட முடியும். க்யூஆருக்குள் இருக்கும் விவரத்துக்கு டிஜிட்டல் கையொப்பம் உண்டு, மாற்றினால் பிடிபடும்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கிலிருந்து எடுக்கும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.