எம்ஆர்2-வில் கூலன்ட் மாற்றியபின் காற்றை வெளியேற்றும் முறை

1989 முதல் 1999 வரை தயாரான இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2-வில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னாலும் ரேடியேட்டர் வண்டியின் மூக்கிலும் இருப்பதால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் தரைத்தளத்தின் அடியில் ஓடும் இரண்டு நீண்ட குழாய்களின் வழியே போய்வருகிறது. பழைய கூலன்டை வடிப்பதில் சிரமம் எதுவுமில்லை. எஞ்சின் முழுதும் ஆறியபின் அடியிலுள்ள வடிகால் திருகுகளைக் கழற்றினால் போதும். வடிந்ததை ஓர் அளவுப் பாத்திரத்தில் பிடித்து எத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள். கூலன்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. பூனை, நாய் நாவில் படாதபடி மூடி வைக்க வேண்டும்.

நான் தடுக்கி விழுந்தது நிரப்பும்போதுதான். முதல் முறை 9 லிட்டர் வடித்துவிட்டு, பின்னால் எஞ்சின் பக்கத்திலுள்ள நிரப்பும் வாயின் விளிம்பு வரை ஊற்றினேன், ஏழோடு நின்றுவிட்டது. மீதி இரண்டு லிட்டர் இடத்தில் காற்று இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. கால் மணி நேரம் ஓட்டியதும் வெப்பமானி முள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்க, ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்றே வந்தது. வெப்பத்தை அளக்கும் உணரி திரவத்தில் மூழ்காமல் காற்றுக்குமிழில் நின்றால் முள் உண்மையைச் சொல்லாது. முள் இறங்கி, ஹீட்டரும் குளிர்ந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். நான் நிறுத்துவதற்குள் பின்பக்கம் ஆவி கிளம்பிவிட்டது.

சரியான முறை இது. ஹீட்டர் திருகியை முழு வெப்பத்தில் வையுங்கள். வண்டியின் முன்பகுதியில், ரேடியேட்டரின் மேலும் ஹீட்டர் குழாய்த் தடத்திலும் காற்று வெளியேற்றும் சிறு வால்வுகள் இரண்டு உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டருக்குக் குறையாத தெளிவான பிளாஸ்டிக் குழாயை இறுக்கமாகச் செருகி, மறுமுனைகளை உயர்த்திய முன்மூடியில் கட்டித் தொங்கவிட்டு, வால்வுகளைத் திறந்துவிடுங்கள். பிறகு கூலன்டும் தண்ணீரும் சேர்ந்த 50:50 கலவையைப் பின்பக்க நிரப்பும் வாயில் மிக மெதுவாக ஊற்ற வேண்டும். குழாய்களில் குமிழிகள் ஏறி, பின்னே திரவம் வரும். இரண்டிலும் அதன் மட்டம் பின்பக்க வாயின் மட்டத்துக்குச் சமமாகும் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒன்றில் மட்டம் தாழ்ந்து நின்றால், அந்தத் தடத்தில் இன்னும் காற்று இருக்கிறது.

குழாய்கள் மாட்டியபடியே எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தினால் மட்டம் இறங்கும். மறுபடி நிரப்பி, வால்வுகளை மூடிவிட்டுக் குழாய்களைக் கழற்றலாம். அதன்பின் தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் தானே திறக்கும் வால்வு) திறக்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மட்டத்தைப் பாருங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது.

வெற்றிடத்தால் நிரப்பும் கருவி விரைவானது என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் அதை விரும்புவதில்லை: அதற்குக் கம்ப்ரஸர் வேண்டும், முதுமையடைந்த ரப்பர் ஹோஸ்கள் உறிஞ்சலில் ஒட்டிச் சுருங்குகின்றன, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று போவதைக் கண்ணால் பார்க்க முடிவதில்லை. ஹோஸ்களை மாற்றுவதானால், அவற்றை இறுக்கிப் பிடிக்க, திருகி இறுக்கும் புழு திருகுப் பட்டையைக் காட்டிலும் ஸ்பிரிங் பட்டையே மேல். ரப்பர் சுருங்கினாலும் அதன் பிடி தளர்வதில்லை.

பின்சேர்க்கை: வால்வு திருகு அசையவே இல்லை என்று வாசகர் மூவர் எழுதியிருந்தனர். துருப்பிடித்த திருகை ஸ்பேனரால் பலம் கொடுத்துத் திருகினால் தலை முறிந்துவிடும். ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் முதலில் மூடும் திசையில் சற்றே அசைத்து, பிறகு திறக்கும் திசையில் திருப்புங்கள். அப்படியும் வராவிட்டால், முறிப்பதைவிடப் புதிய வால்வு கையில் வந்தபின் வேலையைத் தொடங்குவதே நல்லது. வடித்த அளவுக்கும் ஊற்றிய அளவுக்கும் அரை லிட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.