பூச்சு பூசிய செராமிக் இழை: ஒற்றை இழையை இழுத்துப் பார்ப்பது எப்படி?

எங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஆடி மாதம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வேலையில் உட்காரக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு வீச்சில் அரை நாள் உழைப்பை அள்ளிக்கொண்டு போய்விடும். எனக்குப் போயிருக்கிறது. இழையின் விட்டம் ஏறக்குறைய 14 மைக்ரான்தான். தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு. மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

நாம் எடுத்துக்கொள்வது சிலிக்கான் கார்பைடு இழை. 1975-இல் ஜப்பானில் செய்ஷி யாஜிமாவின் குழு பாலிமரை இழையாக இழுத்துச் சுட்டு இதைச் செய்து காட்டியது. இன்று இதை செராமிக்குக்குள்ளேயே பதித்துச் செய்த பாகங்கள் லீப் விமான எஞ்சினின் சூடான பகுதியில் ஓடுகின்றன. இழைமேல் போரான் நைட்ரைடோ கார்பனோ மெல்லிசாகப் பூசுவார்கள். சுற்றியுள்ள செராமிக்கில் விரிசல் விழுந்தால், அது இழையை வெட்டாமல் பூச்சோரமாகத் திரும்பிவிடும். பூச்சு இல்லாமல் இரண்டும் இறுக ஒட்டிக்கொண்டால், பாகம் பீங்கான் கோப்பை மாதிரி படீரென்று உடையும்.

பூச்சு ஏற்றியதில் இழையின் வலிமை குறைந்ததா என்பதுதான் கேள்வி. அதனால் பூசிய கற்றை, பூசாத கற்றை இரண்டும் கையில் இருக்கட்டும்.

படி 1: பிரிப்பது. கற்றையிலிருந்து ஒவ்வோர் இழையாக உருவுங்கள். பூச்சு சில இடங்களில் இரண்டு இழைகளைச் சேர்த்து ஒட்டியிருக்கும். இழுத்தால் பலவீனமானது கையிலேயே உடையும், வலுவானது மட்டும் சோதனைக்கு வந்து சேரும். சராசரி பொய்யாக உயர்ந்துவிடும். கையில் உடைந்தவற்றையும் எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

படி 2: அட்டையில் ஒட்டுவது. கெட்டித் தாளில் 25 மில்லிமீட்டர் நீள ஜன்னல் வெட்டி, இழையை நடுவே நேராகப் படுக்க வைத்து, இரு முனையிலும் எபாக்சிப் பசை ஒரு சொட்டு. கோணினால் விளிம்பில் வளைந்து சீக்கிரம் உடையும்.

படி 3: இழுப்பது. அட்டையை இழுத்துச் சோதிக்கும் இயந்திரத்தில் பிடித்த பிறகு இரு பக்கத் தாளையும் துண்டிக்க வேண்டும். கத்தரிக்கோல் கொடுக்கும் சின்ன அதிர்ச்சியே இழையை முறித்துவிடும். நான் ஊதுபத்தி முனையால் மெல்லச் சுட்டு அறுக்கிறேன். இழைமேல் கிளிசரின் தடவினால் உடைந்த துண்டுகள் சிதறாமல் கிடைக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இழுக்காதீர்கள்.

படி 4: விட்டம். நான் சறுக்கிய இடம் இதுதான். இழை 0.4 நியூட்டனில் உடைகிறது என்று வையுங்கள். ஏறக்குறைய 40 கிராம் எடை. 14 மைக்ரான் விட்டத்துக்குப் குறுக்குப் பரப்பைக் கணக்கிட்டு வகுத்தால், வலிமை 2.6 கிகாபாஸ்கல் (பரப்புக்கு இவ்வளவு விசை என்று சொல்லும் அலகு) வரும். பூச்சு 0.3 மைக்ரான் கனம் என்றால் வெளி விட்டம் 14.6. அதைப் போட்டு வகுத்தால் 2.4 தான் வரும். 8 சதவீதம் காணாமல் போய்விடும். பாவம், பூச்சு போட்ட உலையைத்தான் ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். பூச்சு தாங்கும் சுமை மிகக் குறைவு. உள்ளே இருக்கும் இழையின் விட்டத்தை மட்டும் எடுங்கள். உடைந்த முனையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் இழையும் சுற்றிலும் பூச்சு வளையமும் தனித்தனியாகத் தெரியும். ஒரே கற்றைக்குள்ளேயே விட்டம் இழைக்கு இழை மாறும், ஆகவே ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும்.

படி 5: வெய்புல் கணக்கு. உடையும் வலிமை இழைக்கு இழை எவ்வளவு சிதறுகிறது என்று அளக்கும் புள்ளியியல் முறை இது. வகைக்கு 30 இழையாவது உடையுங்கள். வலிமையைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி வெய்புல் வரைபடம் போட்டால், கோட்டின் சாய்வுதான் வெய்புல் எண். சாய்வு குறைந்தால் சிதறல் அதிகம். சராசரி மாறாமல் சாய்வு மட்டும் சரிந்திருந்தால், பூச்சு சில இழைகளை மட்டும் கடித்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஒரு சரிபார்ப்பு. 50 மில்லிமீட்டர் ஜன்னலில் அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நீளம் கூடினால் குறை இருக்கும் வாய்ப்பும் கூடும். வெய்புல் எண் 5 என்றால் வலிமை 13 சதவீதம் இறங்க வேண்டும். இறங்கவில்லையா? பெரும்பாலும் இழை பசை ஓரத்தில்தான் உடைந்துகொண்டிருக்கிறது. படி 2-க்குத் திரும்புங்கள்.