கபடிப் பிடியில் ஆற்றல் எங்கே போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிச் சென்றவர், நடுக்கோட்டை நோக்கித் திரும்பி ஓடுகிறார். எதிரே பாய்ந்து மறித்தால் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடுவார். பின்னால் துரத்தி இடுப்பைப் பிடித்தாலோ, பிடித்தவரையும் இழுத்துக்கொண்டே கோட்டைத் தொட்டுவிடுவார். இதற்குப் பலம் மட்டும் காரணமில்லை.

மோதிய இருவரும் ஒட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் நகர்ந்தால் அது முழு மீட்சியற்ற மோதல். அதில் மொத்த உந்தம் மாறாது, இயக்க ஆற்றல் குறையும்.

படி 1: எண்களை எழுதுங்கள். ரெய்டர் 70 கிலோ, வேகம் நொடிக்கு 5 மீட்டர். பிடிப்பவர் 80 கிலோ, நொடிக்கு 2 மீட்டர். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான்.

படி 2: உந்தம், அதாவது நிறை × திசைவேகம். எதிரே வருபவருக்குக் கழித்தல் குறி போட வேண்டும். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். 350 − 160 = 190. இதை மொத்த நிறையான 150ஆல் வகுத்தால், பிடித்தபின் இருவரின் வேகம் நொடிக்குச் சுமார் 1.27 மீட்டர்.

படி 3: இயக்க ஆற்றல், அதாவது ½ × நிறை × வேகத்தின் வர்க்கம். வர்க்கம் எடுப்பதால் இங்கே கழித்தல் குறி வராது. மோதும் முன் 875 + 160 = 1035 ஜூல். மோதியபின் சுமார் 120 ஜூல்தான்.

மீதி 915 ஜூல்? தசைகள் நசுங்குவதிலும், மேட் அமுங்குவதிலும், வெப்பமாகவும், அந்த ‘தொப்’ சத்தமாகவும் போகிறது. 70 கிலோ ஆள் ஒருவர் 1.3 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வரும் ஆற்றல் இது. எதிரே பாய்ந்து மறிப்பவரின் தோளும் விலாவும் படும் பாடு இதிலேயே புரியும்.

படி 4: சரி, இப்போது பின்னாலிருந்து பிடிப்போம். அதே நிறை, அதே வேகம். ஆனால் இருவரும் ஒரே திசை. ரெய்டரைவிட மெதுவாக வருபவர் ஓட்டத்தில் பிடிக்க முடியாது, அதனால் கடைசி நேரத்தில் பாய்ந்து பிடித்ததாக வைத்துக்கொள்வோம். 350 + 160 = 510. 150ஆல் வகுத்தால் நொடிக்கு 3.4 மீட்டர். மோதியபின் ஆற்றல் 867 ஜூல், இழப்பு வெறும் 168. ரெய்டர் இன்னும் நல்ல வேகத்தில் கோட்டை நோக்கித்தான் போகிறார்!

வித்தியாசம் முழுவதும் ஒப்புமை வேகத்தில், அதாவது ஒருவரைப் பொறுத்து மற்றவர் நகரும் வேகத்தில் இருக்கிறது. எதிரெதிரே வந்தால் 7, ஒரே திசையில் 3. இழப்பு இதன் வர்க்கத்தைப் பொறுத்தது: 49-க்கு 9.

ஒன்றை மறக்க வேண்டாம். கால்கள் தரையை உதைப்பதால், உந்தம் மாறாது என்பது மோதும் அந்தக் கணத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அப்புறம் உராய்வு வேலையைத் தொடங்கிவிடும்.

பிடிப்பவர் அசையாமல் நின்றால் இழப்பு எவ்வளவு? நீங்களே போடுங்கள். சுமார் 467 ஜூல் வந்தால் கணக்கு சரி.