ஆலிவ் இலை டீ வீட்டுக்கு வந்திருக்கிறதா? அடுப்பில் வைக்கும் முன் இதைப் பாருங்கள்

வளைகுடாவில் இருந்து வந்த தம்பி கொடுத்தார், ஆன்லைனில் ஆஃபர் கிடந்தது என்று ஏதோ ஒரு வழியில் ஆலிவ் இலை டீ மதுரை வீடுகளுக்குள்ளும் வந்துவிடுகிறது. சுகர், பிரஷர் இரண்டுக்கும் நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனாலேயே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் இலை. முழு இலையாக வாங்குங்கள், பொடி வேண்டாம். ஆலிவ் இலை ஒல்லியாக, விரல் நீளம்தான் இருக்கும், மேல்பக்கம் மங்கிய பச்சை, அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல வெளுத்திருக்கும். பொடியில் இது எதுவும் தெரியாது. பாக்கெட்டில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதைவிட முக்கியம், 'இதே மாதிரி இலைதானே' என்று வெளியே எங்கும் பறித்துவிடாதீர்கள். நம் பக்கம் நான்குவழிச் சாலை நடுவில் வரிசையாகப் பூத்து நிற்பது அரளி. அதன் இலையும் ஒல்லியாக நீளமாகத்தான் இருக்கும், காய்ந்து நொறுங்கிவிட்டால் பிரித்துச் சொல்வது கஷ்டம். அரளி நஞ்சு இதயத் துடிப்பையே குலைத்துவிடும், கொதிக்க வைத்தாலும் போகாது.

போடுவது சுலபம். 200 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் காய்ந்த இலை. போர் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது, குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். கொதித்ததும் இறக்கி, இலையைப் போட்டு மூடி, 10 நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். பால் வேண்டாம். நன்றாகக் கசக்கும், அந்தக் கசப்பு ஒலியூரோபீன் என்ற பொருளால் வருவது, ஆராய்ச்சிக்காரர்கள் தேடுவதும் அதைத்தான். எலுமிச்சை பிழியலாம், இஞ்சி தட்டிப் போடலாம். சுகர் இருப்பவர் கருப்பட்டியும் தேனும் கலந்து குடித்தால் குடித்ததற்கே அர்த்தம் இல்லை. நாளைக்கு ஒரு டம்ளர், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு.

சரி, பலன்? 2011-ல் வெளியான இந்தோனேசிய ஆய்வு ஒன்றில், ஆரம்பநிலை பிரஷர் உள்ளவர்களுக்கு இந்த இலையின் சாரத்தை 500 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 8 வாரம் கொடுத்தார்கள், கேப்டோபிரில் என்ற பிரஷர் மாத்திரை அளவுக்கே பிரஷர் இறங்கியது. 2013-ல் நியூசிலாந்தில் எடை கூடிய நடுவயது ஆண்கள் 46 பேரை வைத்துப் பார்த்ததில் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, பிரஷரில் மட்டும் மாற்றம் இல்லை. இரண்டிலும் கொடுத்தது அளவு தெரிந்த சாரம். நாம் போடும் டீயில் எவ்வளவு இறங்குகிறது என்பது இலைக்கு இலை மாறும், அதனால் இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதிலும் சிக்கல் உண்டு. இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், சுகர் கீழே இறங்கி கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்ததும் தலை சுற்றலாம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க சித்திரை வெயிலில் மணிக்கணக்கில் வைகைக் கரையில் நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள், உடம்பில் ஏற்கெனவே தண்ணீர் வற்றியிருக்கும், அன்றைக்கு இந்த டீ வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகள், கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள், இவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

டாக்டர் சரி என்றால், ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுங்கள், குடிக்கத் தொடங்கிய பிறகும் அப்படியே. மேல் அளவு 100-க்குக் கீழே போனாலோ மயக்கம் வந்தாலோ டீயை நிறுத்திவிட்டு நோட்டோடு டாக்டரிடம் போங்கள். அப்புறம், ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.